கிளிப்பச்சைத் தொட்டியும் நாலு சிப்பிகளும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச காலம் வளைகுடா நாட்டுப் பெண்மணி ஒருத்தி குடியிருந்தாள். உருவம் கிடையாது, குரல் மட்டும். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று முதலில் பணிவாகச் சொல்வாள். பிறகு, "ப்ளீஸ் ஓப்பன் த டோர்" என்பாள். என் அண்ணி முதல் வாரம் முழுக்க அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு ஆளும் இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டவை கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த சிப்பிகள்.

இதை விளக்காவிட்டால் எங்களைப் பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைப்பீர்கள். விளக்கிய பிறகும் நினைக்கலாம், அது உங்கள் விருப்பம்.

கல்யாண மண்டபங்களில்கூட செல்போன் மணி கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே எம்.பில். படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் ஈயம், செம்பு மாதிரி உலோகங்கள் கலந்திருக்கின்றனவா என்று உயிருள்ள ஜீவன்களை வைத்தே கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. ஏரிச் சிப்பி நாள் முழுக்க வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சும், வடிகட்டும், வேண்டியதைத் தின்னும், மிச்சத்தை வெளியே விடும். அதற்கு வேறு வேலையே இல்லை. தண்ணீரில் ஆகாதது ஏதாவது கலந்தால் மட்டும் இரண்டு ஓடுகளையும் இறுக்கி மூடிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். ஒரு ஓட்டில் சின்னக் காந்தம் ஒட்டி, மறு ஓட்டில் காந்தம் கிட்டே வந்தால் தானாக வேலை செய்கிற கண்ணாடிக் குழாய் சுவிட்சு ஒன்றை ஒட்டிவிட்டால், சிப்பி மூடும்போது மணி அடிக்கும். நாலு சிப்பிகளின் சுவிட்சுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால், நாலும் சேர்ந்து மூடினால்தான் அடிக்கும். ஒன்று சும்மா தூங்கினால் ஊரைக் கூட்டாது.

வெளிநாட்டில் இதற்குப் பெரிய பெரிய கருவிகள் வைத்திருக்கிறார்களாம். என்னிடம் இருந்தது மங்கலம்பேட்டை. அங்கே துபாயிலிருந்து திரும்பி வந்து ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடை போட்டிருந்த பாய் ஒருவர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். சிப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இதுக்கா கரண்டு குடுக்கணும்?" என்றார். பிறகு அழகாக வயர் இழுத்துக் கொடுத்தார். மணிதான் பிரச்சினை. அவர் வரும்போது ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்த காலிங் பெல் மட்டும்தான் கடையில் இருந்தது. எல்லாமே சலாம் சொல்லி, கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிற ரகம்.

"வேற சத்தம் இல்லியா பாய்?"

"ஏம்மா, மரியாதியாத்தானே பேசுது?" என்று கேட்டுவிட்டார். அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோடை விடுமுறையில் கல்லூரி லேபைப் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் சிப்பிகளும் பெண்மணியும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். திட்டக்குடிக்கு அந்தப் பக்கத்து ஏரியில் பிடித்த சிப்பிகள். அதே ஏரித் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து ஊற்றி வைத்திருந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. ஜங்ஷன் ஊரில் ரயிலுக்கா பஞ்சம்? வண்டி வந்து தரை அதிர்ந்தால் நாலும் மூடிக்கொள்ளும், பெண்மணி சலாம் சொல்வாள், அண்ணி கதவுக்கு ஓடுவாள். வண்டி போனதும் திறந்துகொள்ளும். அப்படி ஒரு நாள் ஓடிய வேகத்தில்தான் அண்ணியின் முந்தானை சிக்கி கண்ணாடித் தொட்டி கீழே விழுந்து நொறுங்கியது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, சண்டை போட வசதி. அன்றைக்கு நன்றாகவே போட்டோம்.

அண்ணன் விலக்கிவிடக்கூட வரவில்லை. அவன் தலையில் வேறு இடி விழுந்திருந்தது.

அண்ணன் வைத்திருந்தது வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், ஒரு சின்ன சூளை, கூலிக்கு நாலைந்து பேர். தெருவுக்குத் தெரு பீங்கான் சூளை இருக்கிற இந்த ஊரில் அதற்குப் பெயர் செராமிக் கம்பெனி. வழக்கமாகச் செய்வது ஃபியூஸ் கட்டை. ஊர் ஊராகப் போய் வீடுகளின் ஃபியூஸ் பெட்டியில் உட்கார்ந்துகொள்ளும் அந்த வெள்ளைக் கட்டைகளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று அண்ணனுக்கு நெடுநாள் வருத்தம். அவனுக்குள் ஒரு கலைஞன் இருந்தான், பாவம். அதற்கு முந்தின வருஷம் யாரோ ஒரு வியாபாரி புதுக் கிளேஸ் பவுடர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். மண் சாமான் மேல் கண்ணாடி மாதிரிப் படிகிற பூச்சுதான் கிளேஸ். இந்தப் பவுடர் குறைந்த சூட்டிலேயே உருகுமாம், எரிபொருள் மிச்சமாம். அதில் செம்புப் பொடியைக் கலந்து சுட்டுப் பார்த்தான் அண்ணன். சூளையைத் திறந்தபோது கிளிப்பச்சையில் கோப்பைகள் ஜொலித்தன. நான் அவனை அவ்வளவு சந்தோஷமாக அவன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கேக்கும் அதிரசமும் பச்சைக் கிண்ணத்தில்தான் போயின. இந்து வீடு, வேதக்கார வீடு என்று பார்க்காமல் கொடுத்தான். கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவர்களிடம், "இருக்கட்டுங்க, வெச்சிக்குங்க" என்று சொல்லி, கூட ஒரு கோப்பையோ ஊறுகாய் ஜாடியோ கொடுத்து அனுப்பினான். யாராவது "என்னா கலரு தம்பி!" என்று சொல்லிவிட்டால் போதும், இன்னொன்று கொண்டுவரப் போய்விடுவான். கடைகளிலிருந்தும் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த சூளை முழுக்கப் பச்சைதான் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு மாமாவுக்கு வயிற்று வலி வந்தது.

மாமா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ரயில்வேக்குத்தான், அவருக்கு இல்லை. தெருவில் யார் வந்தாலும் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கப் போகிறார்கள் என்று விசாரித்துவிடுவார். டிவியில் ஏதோ வைத்தியர் சொன்னாரென்று, ராத்திரியே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மூடி வைத்து, விடிந்ததும் தேன் விட்டு வெறும் வயிற்றில் குடிப்பார். வாசலில் நாற்காலி போட்டு, அந்தப் பச்சைக் கோப்பையை எல்லோரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டுதான் குடிப்பார். அண்ணனுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் அந்தக் கோப்பையோடே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, தண்ணியில இரும்ப நக்குன மாதிரி ஒரு ருசி இருக்குது. வயிறு புடிச்சிப் புடிச்சி இழுக்குது. டாக்டரு குடிக்கிற தண்ணியப் பாருங்கன்னுட்டாரு. நான் பாத்துட்டேன். உன் யூனிட்டுல கழுவி வுடுறியே, அதுதான் தெரு போர்வெல்லுல எறங்குது."

"மாமா, எங்க வூட்லயும் அதே போர்த் தண்ணிதானே குடிக்கிறோம்? எங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஒனக்குப் பழகியிருக்கும்."

 மாமா வீடு வீடாகப் போனார். தெருவில் இன்னும் ஒன்றிரண்டு பேருக்கும் வாயில் ஒரு மாதிரி ருசி இருப்பது, அவர் கேட்ட பிறகு நினைவுக்கு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெருக் கூட்டம் போட்டு முடிவெடுப்பது, கலக்கிறது என்று தெரிந்தால் யூனிட்டை மூடச் சொல்லிக் கலெக்டருக்கு எழுதிப் போடுவது என்று பேசிவிட்டார்கள். எழுதிப்போட்டால் மூடித்தான் ஆகவேண்டும். சின்ன யூனிட், ஒரு மாதம் சூளை அணைந்தால் மறுபடி மூட்ட முடியாது. அண்ணனுக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

"பாப்பா, உன் சிப்பி சொல்லட்டும். அதுக்கு மாமனா மச்சானா? போர்த் தண்ணியில போடு. தொறந்து இருந்தா நான் தப்பு பண்ணல. மூடிச்சின்னா நானே சூளையை மூடிடறேன்."

 எம்.பில். பட்டத்துக்காகச் செய்கிற வேலையில் ஒரு குடும்பத்தின் சோறு வந்து தொங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. ஆனாலும் சரி என்றேன். தொட்டிதான் உடைந்துபோயிருந்தது. "அதுக்கு ஏன் கவலப்படுற?" என்று அண்ணன் ஷெட்டுக்குள் போய், இரண்டு ஆட்களோடு ஒரு தொட்டியைத் தூக்கி வந்தான். ஏதோ பங்களாவில் தாமரை வளர்க்கச் சொல்லிச் செய்ததாம். விளிம்பு ஒரு பக்கம் கோணிக்கொண்டதால் வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டார்கள். உள்ளும் வெளியும் கிளிப்பச்சை. சிப்பிகளுக்கு அரண்மனை.

போர்த் தண்ணீரை நிரப்பி நாலு சிப்பிகளையும் இறக்கினேன். முதலில் திறந்தன. அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நாலாவதும் மூடியதும் பெண்மணி சலாம் சொல்ல ஆரம்பித்தாள். ரயில் எதுவும் வரவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கடைசியில் அண்ணி போய் வயரைப் பிடுங்கினாள். அண்ணன் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டான்.

நான் விடவில்லை. அண்ணன் என்பதற்காக இல்லை. ஒரு முறை பார்த்துவிட்டு நம்பினால் அது ஆராய்ச்சி இல்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு ஸ்டேஷன் குழாயில் பிடித்து வந்து ஊற்றினேன். மூடின. கடையில் விற்கிற பாட்டில் தண்ணீரை வாங்கி ஊற்றினேன். அதிலும் மூடின. ஏரிக்கே பஸ் ஏறிப் போய், அவை பிறந்து வளர்ந்த தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினேன். அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குமே, அப்போதாவது திறந்தே இருக்கக் கூடாதா? கொஞ்ச நேரம் திறந்து, மறுபடி கதவடைப்பு. நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணி, மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்துத் தொட்டியில் ஊற்றி ஜெபம் சொல்லியிருக்கிறாள். நான் வந்தபோது முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இதுங்களுக்கு விசுவாசமே இல்ல" என்றாள். "எங்கப் புடிச்ச இதுங்கள?"

சிப்பிகளுக்கு நோய் என்று நினைத்தேன். சுவிட்சு பழுதோ என்று மங்கலம்பேட்டைக்கு ஓடினேன். ஒட்டிய பசையைச் சந்தேகப்பட்டேன், ரயிலைச் சந்தேகப்பட்டேன், என் படிப்பையே சந்தேகப்பட்டேன். தொட்டி மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நாங்கள் பீங்கானில் டீ குடித்து, பீங்கானில் ஊறுகாய் போட்டு, பீங்கான் பொம்மையோடு விளையாடி வளர்ந்தவர்கள். பிளாஸ்டிக்கில் சூடாக ஊற்றினால் கெடுதல், அலுமினியத்தில் புளி வைத்தால் கெடுதல், பீங்கானில் எது வைத்தாலும் பத்திரம் என்பது எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பாடம். இந்த ஊரில் பீங்கானைச் சந்தேகப்படுவது கோயிலைச் சந்தேகப்படுகிற மாதிரி.

எல்லாத் தண்ணீருக்கும் மூடுகிறது என்ற சேதி மாமாவுக்கு எட்டியது. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்து நின்றார்.

"என்னாம்மா டீச்சரு, பாட்டில் தண்ணிக்கும் மூடுதாமே? நாளைக்குக் கூட்டத்துல, 'சிப்பி சரியில்ல, கேஸு செல்லாது'ன்னு உங்க அண்ணன் எழுந்து போயிடுவான். உன் தொட்டி, உன் வூடு, உன் மணி! நான் ஒத்துக்கமாட்டேன். நான் பக்கெட்டு கொண்டாறேன். என் பக்கெட்டு, என் வூட்டுக் குழாத் தண்ணி, எல்லார் முன்னாடியும். அதுல மூடட்டும். அப்பதான் கேஸு நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களும் பூசைக்கே போகாதவர்களுமாகத் தெருவே எங்கள் வாசலில் நின்றது. மாமா தன் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காட்டி, தன் கையாலேயே போர்த் தண்ணீரைப் பிடித்து வந்து நடுவில் வைத்தார். நான் சிப்பிகளை இறக்கி வயரை மாட்டினேன். மூடிய சிப்பிகள் மூடியபடியே போனதால் பெண்மணி உடனே சலாம் சொன்னாள். கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் "வாங்க வாங்க" என்று பதில் சொன்னார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் சுவரோரம் நின்றான். 

வெயில் ஏறியது. யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு சிப்பியின் ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அது விரிந்தது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. நாலாவது, திறந்ததோடு நிற்காமல் நாக்கு மாதிரி இருக்கும் காலை வெளியே நீட்டி பக்கெட்டின் அடியைத் தடவிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. நாலும் மூடின, "ப்ளீஸ் ஓப்பன் த டோர்" என்று குரல் வந்தது. மாமா துள்ளி எழுந்து, "பாத்தியா! பாத்தியா!" என்றார். வண்டி போனது. நாலும் திறந்தன. மாமா வயரை ஆட்டிப் பார்த்தார், மணியைக் காதில் வைத்துப் பார்த்தார், பக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் காத்திருந்தார். கூட்டமும் கலையாமல் இருந்தது. கடைசியில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்குது. தம்பி மேல தப்பு இல்ல. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. வாழ்நாளில் டிக்கெட் வைத்திருந்தவனிடம் அபராதம் கேட்டு மாட்டிக்கொள்ளாத மனிதர்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி எல்லோருக்கும் பாயசம் வைத்தாள்.

அன்று சாயங்காலம் பக்கெட்டை மாமாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே தண்ணீரை அப்படியே பச்சைத் தொட்டியில் ஊற்றி, சிப்பிகளை உள்ளே விட்டேன். அண்ணன் ஷெட்டில் பாட்டு பாடிக்கொண்டு வேலை செய்கிற சத்தம் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் நாலும் மூடிக்கொண்டன. அதே தண்ணீர், அதே சிப்பி. மாறியது ஒன்றே ஒன்றுதான். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் பக்கெட்டில் புதுத் தண்ணீர் பிடித்து அவற்றை மாற்றினேன், காலையில் திறந்திருந்தன. உள்ளே ஒரே ஒரு பச்சைக் கோப்பையைப் போட்டேன். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இடையிடையே எழுந்து போனான், திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தான். மதியத்துக்குள் அவன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. வேறொரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் சிநேகிதியிடம் ஒரு கோப்பையில் எலுமிச்சைச் சாறு ஊற்றி வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஈயம் இருக்கிறது, நிறையவே இறங்குகிறது, செம்பு கலந்ததால் இன்னும் சுலபமாக இறங்குகிறது, புளிப்பு பட்டால் கேட்கவே வேண்டாம் என்றாள். மாமாவின் வயிற்று வலிக்கும் வாய் ருசிக்கும் காரணம் அவர் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருந்த கோப்பைதான். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாததற்கு ஒரே காரணம், விற்கிற சரக்கில் கை வைக்கக்கூடாது என்று அண்ணி எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரே கொடுத்துவந்ததுதான்.

அண்ணி நடைமுறை தெரிந்தவள். "யாருக்கும் சொல்ல வேணாம். சரக்குல டிசைன் சரியில்ல, பச்சையக் குடுத்துட்டு வெள்ள வாங்கிக்குங்கன்னு சொல்லி வாங்கிடுவோம். பொருளு வந்துட்டா போதும்ல?" என்றாள். அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யூனிட்டும் தப்பிக்கும், ஊரும் தப்பிக்கும். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, இன்றைக்கும் அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இலவசமாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது மாதிரி கஷ்டம் உலகத்தில் இல்லை. "குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?" என்றார்கள். "வெள்ள யாருக்கு வேணும், ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்றார்கள். ஒரு வீட்டில் வெள்ளையையும் வாங்கிக்கொண்டு பச்சையையும் தர மறுத்தார்கள். அண்ணன் தன் சரக்கை விற்பதற்குக்கூட இவ்வளவு கெஞ்சியதில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் அவனுக்குள் இருந்த கலைஞன் கொஞ்சம் மலர்ந்ததையும் நான் பார்த்தேன், எரிச்சலாக வந்தது. அவனும் நானுமாகக் கடைசியில் மாமா வீட்டுக்குப் போனோம்.

"முடியவே முடியாது" என்றார் மாமா. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் கப்புல குடிச்சாத்தான் எனக்குக் குடிச்ச மாதிரி இருக்குது. உன்னைத் தப்பா பேசிட்டேன்னு கோவத்துல புடுங்கப் பாக்கறியா?"

அண்ணன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். மாமா ஒற்றைக்காலில் நின்றார். மறுநாளைக்கான எலுமிச்சம்பழம் ஜன்னலோரம் தயாராக இருந்தது. அதை அண்ணன் பார்த்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, அந்தக் கப்புல ஈயம் இருக்குது. உங்க வயித்து வலி அதனாலதான். என் கப்பாலதான். எனக்குத் தெரியாது மாமா, சத்தியமா தெரியாது. ஆனா என்னாலதான்."

மாமா கோப்பையை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தார். மாமி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.  கலெக்டருக்கு எழுத இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. மாமாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கோபமாக மாறும் என்று பார்த்தால், அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார். "நான் சொல்லல? மொத நாளே சொல்லல, உன் யூனிட்டுதான்னு? ஏ இவளே, கேட்டுக்கிட்டியா? நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க" என்றாள் மாமி.

"அப்பறம் எதுக்கு நான் மன்னிப்பு கேட்டேன்? ஊரு முன்னாடி தல குனிஞ்சி நின்னேனே! எனக்கு அது திரும்ப வேணும். எங்க வாங்குனியோ அங்கியே குடு. வர ஞாயித்துக்கெழம, அதே எடம், அதே ஆளுங்க."

வயிற்றில் ஈயம் இறங்கியதைக்கூட மன்னித்துவிட்டார். வீணாய்ப்போன மன்னிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நான் வெளியே வந்து அண்ணனைப் பிடித்து உலுக்கினேன், எல்லார் முன்னாலும் சொன்னால் யூனிட் போய்விடும் என்றேன். "சொல்லலன்னா கிண்ணம் வராது பாப்பா" என்றான். கடைகளுக்கு அனுப்பியதை அந்த வாரமே ஆள் போட்டுத் திருப்பி எடுத்தான். மாமாவைச் சோதனைக்கு டாக்டரிடம் அழைத்துப் போய்வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அதே வாசலில் அண்ணன் நின்று சொன்னான். அவனுக்குப் பேச வராது. பவுடர், சூடு, ஈயம், புளிப்பு என்று முன்னும் பின்னுமாகக் குழறினான். "மாமா சொன்னது சரி. அவரு கேட்ட மன்னிப்ப நான் அவருக்கே திருப்பிக் கேட்டுக்கறேன்" என்று முடித்தான். அது என்ன வாக்கியம் என்று யாருக்கும் புரியவில்லை, மாமாவுக்கு மட்டும் புரிந்து திருப்தியாகத் தலையாட்டினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அப்ப எழுதிப் போட்டுர வேண்டியதுதானே?" என்று ஒரு குரல் வந்தது.

"எவன் அவன்?" என்று மாமா திரும்பினார். "டிக்கெட் இல்லாம ஓடி ஒளியறவனத்தான் நான் புடிப்பேன். தானா வந்து சொல்றவனுக்கு அபராதத்தோட சரி. அபராதம் என்னான்னா, பச்ச இனிமே இந்தத் தெருவுல இருக்கக் கூடாது. ஃபியூஸ் கட்ட செய்யட்டும், பொழைக்கட்டும். போயி எடுத்துட்டு வாங்க எல்லாரும்."

கேஸ் அத்தோடு முடிந்தது. வழக்கு போட்டவரே நீதிபதியானது பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் வாசலில் கிண்ணங்களும் கோப்பைகளும் ஜாடிகளும் வந்து குவிந்தன. சில ஜாடிகளில் ஊறுகாய் மணம் இன்னும் இருந்தது. அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கி, எத்தனை நாளாக எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டுக் கேட்டு வைத்தான். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் அவன் குரல் மாறியது.

எல்லோரும் போன பிறகு கோடி வீட்டுப் பெண் ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய தலைச்சன் குழந்தைக்கு அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கிற வயது. துண்டைப் பிரித்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை, உள்ளங்கையில் அடங்குகிற அளவு, கிளிப்பச்சை. ஞானஸ்நானத்துக்கு அண்ணன் தனியாகச் செய்து, ஓரத்தில் சின்னதாகப் பூ வரைந்து கொடுத்திருக்கிறான். எனக்கே தெரியாது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எவ்ளோ நாளும்மா குடுத்த?" என்றான். 

"குடுக்கவே இல்லண்ணா" என்றாள் அவள். "இவ்ளோ அழகா இருக்குதே, கைதவறி ஒடஞ்சிடப் போவுதுன்னு எடுக்கவே மனசு வர்ல. ஷோகேஸ்லயே வெச்சிருந்தேன்."

அண்ணன் பாலாடையை வாங்கி இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அந்தப் பெண் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.  அவன் பக்கத்தில் போய் நானும் மண்ணில் உட்கார்ந்தேன்.